வில்லுக்கு ஊர் ஏது?

(மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஆண்டு விழா மேடையில் குறளும் சிலம்பும் பேசப்பெறுதல் நம் வழக்கம். இவ்வாண்டு நாம் இசையைப் பற்றி, அதிலும் வயலின் என்னும் கருவியைப் பற்றிப் பேச எழுந்துள்ளோம். இருநூறு ஆண்டுகட்கு முன் வியன்னா நகரிலே நால்வர் கூடி வாசித்த இசையையும், அக்காலத்தை அடுத்துத் தஞ்சையிலே வாழ்ந்த வேறு நால்வரையும் பற்றிச் சொல்லப் போகின்றோம். “லேபர் கேம்ப்புக்கும் வியன்னாவுக்கும் என்ன உறவு?” என்று நீங்கள் வினவலாம். உறவு உண்டு. அதனை நமக்குத் தேடத் தந்தவர் ஒரு தாய். அந்நிகழ்ச்சியை முதலிற் கூறிவிடுகின்றோம்.

சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் மாலை, நம் கேம்ப்பைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் தம் மகனைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தார். விடியுமுன் எழுந்து இட்லி அவித்துக் கடைகளுக்கு அனுப்பிப் பிழைப்பவர் அவர். சிறுவனின் தோளிலே ஒரு பழைய வயலின் பெட்டி தொங்கிற்று. சோர் பஜாரிலே பேரம் பேசி வாங்கியது. பிள்ளைக்கு அக்கருவிமேல் தீராத ஆசை. ஆகவே வயலின் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் அவனை அழைத்துச் சென்றிருக்கின்றார். அவர் முதலிற் கேட்டது, “எங்கே குடியிருக்கிறீர்கள்?” என்பது. விடையைக் கேட்டபின், “இது உங்களுக்கு வருகிற வித்தை இல்லை, அம்மா. இதெல்லாம் பரம்பரையில் இருக்கவேண்டும். டோலக்கோ, பறையோ படிக்கட்டும்” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

பறையும் டோலக்கும் தாழ்ந்தவை என்று நாம் கருதினோமில்லை. பறை நம் முன்னோரின் குரல். அதனைக் கற்கும் பிள்ளைகளை நாம் போற்றுகின்றோம். ஆயினும் விரும்பிக் கற்பது வேறு. “உனக்கு இதுதான்” என்று ஒதுக்கிவைப்பது வேறு. அந்தத் தாய் நம்மைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அப்படித்தானா, அண்ணாச்சி?”

அன்றிரவு அவருக்குக் கூற நம்மிடம் ஆறுதல் இருந்தது, விடை இருக்கவில்லை. அதன்பின் நூல்களைப் புரட்டினோம், அறிந்தவர்களைக் கேட்டோம். இவ்வுரையே அத்தாய்க்கு நாம் சொல்லும் விடை.

நால்வர் உரையாடல்

மேனாட்டு இசையிலே ‘நரம்பிசை நால்வர்’ என்றொரு முறை உண்டு. இரண்டு வயலின், அதனினும் சற்றுப் பெரிதான வியோலா, காலிடை நிறுத்தி வாசிக்கும் செல்லோ என்னும் நான்கு கருவிகள். நான்கும் வில்லால் இழைத்து வாசிக்கப்படுபவை. பாடுபவர் இல்லை, தாளம் தட்டுபவரும் இல்லை. நால்வர்க்கும் வெவ்வேறு இசைவரி. ஒவ்வொருவர் முன்னும் உள்ள தாளில் அவரவர் பகுதி மட்டுமே எழுதப்பட்டிருக்கும். ஆகவே பிறர் வாசிப்பதைக் காதால் கேட்டே தம் பகுதியைப் பொருத்தவேண்டும். கேளாதவன் அங்கே வாசிக்க முடியாது.

நெல்லைச் சீமையிலிருந்து வந்த நமக்கு இது விளங்காத பொருளன்று. கோயிற் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருக்கின்றோம். அண்ணாவி வீசுகோலால் வில்லை அடித்துக் கதை சொல்ல, குடம் ஒரு பக்கம், உடுக்கை ஒரு பக்கம், பின்பாட்டுக்காரர் ஒரு பக்கம் நின்று தாங்குவர். ஒருவர் விட்ட சொல்லை மற்றவர் ஏந்துவர். வேறுபாடு என்னவெனில், வில்லுப்பாட்டில் அண்ணாவியே தலைமை. நால்வர் இசையிலோ தலைமை மாறி மாறி வரும். முதல் வயலின் தொடங்கிய பொருளைச் செல்லோ ஏற்று முடிக்கும். நடுவே வியோலா குறுக்கிட்டு வேறொன்று கேட்கும்.

இம்முறையை வளர்த்து நிலைபெறச் செய்தவர் ஹைடன் என்னும் பெரியார் (1732–1809). அறுபத்தெட்டு நால்வரிசைகள் அவர் பெயரால் வழங்குகின்றன. அவர் யார் மகன்? வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளியின் மகன். தாயார் சமையல் வேலை செய்தவர். பிரபு ஒருவரின் மாளிகையிலே ஏவலருக்குரிய சீருடை அணிந்து பணிபுரிந்தவர் அம்மேதை.

பண்ணையாள் மகன்

1784ஆம் ஆண்டு, வியன்னாவிலே ஒரு வீட்டு விருந்து. அங்கே நால்வர் வாசிக்க அமர்ந்தனர். மைக்கேல் கெல்லி என்னும் பாடகர் அவ்விருந்தில் இருந்து கேட்டுப் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார். முதல் வயலின் ஹைடன். இரண்டாம் வயலின் டிட்டர்ஸ்டார்ப். வியோலா வாசித்தவர் மொஸார்ட். செல்லோவைத் தாங்கி அமர்ந்தவர் வான்ஹால்.

ஹைடனையும் மொஸார்ட்டையும் உலகம் அறியும். வான்ஹாலை எத்துணைப் பேர் அறிவர்? அவரைத்தான் இன்று நாம் உங்களுக்கு அறிமுகம் செய்ய விழைகின்றோம்.

யோஹான் பாப்டிஸ்ட் வான்ஹால் 1739இல் பொஹீமியா நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். அந்நாடு இன்றைய செக் நாட்டின் பகுதி. அவர் பிறந்த குடி பண்ணையடிமைக் குடி. நிலத்தோடு பிணைக்கப்பட்ட உழவர் அவர்கள். ஆண்டையின் இசைவின்றி ஊரை விட்டுப் போகவும் இயலாதவர். ‘பண்ணையாள்’ என்னும் சொல்லின் சுமையை நம் பாட்டனார்களைக் கேட்டால் கூறுவர். அந்தச் சுமையோடு பிறந்தவர் வான்ஹால்.

ஊரிலிருந்த ஆசிரியர்கள் அவருக்கு வயலினும் ஆர்கனும் கற்பித்தனர். அவர் வாசிப்பைக் கேட்ட சீமாட்டி ஒருத்தி அவரை வியன்னாவுக்கு அழைத்துச் சென்றாள். அங்கே அவருக்கு மேற்கல்வி அளித்தவர் டிட்டர்ஸ்டார்ப் என்று கூறுவர். இருவரும் ஒரே ஆண்டிற் பிறந்தவர். பின்னாளில் அந்த விருந்திலே இரண்டாம் வயலின் வாசித்தவரும் இவரே.

வான்ஹால் பிள்ளைகளுக்கு இசை கற்பித்தார். பாட்டு அமைத்து விற்றார். அப்படி ஈட்டிய பொருளைக் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கினார். தோழர்களே, இச்சொற்றொடரைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். நாம் பிறக்கும்போதே நம்முடையதாயிருக்கவேண்டிய ஒன்றை அவர் வில்லால் உழைத்து விலை கொடுத்துப் பெற்றார்.

விடுதலை பெற்றபின் அவர் மீண்டும் ஒரு மாளிகையின் சீருடைக்குள் புகவில்லை. நிலையான அரண்மனைப் பணி எதனையும் ஏற்காமல், கற்பித்தும் எழுதியும் தம் உழைப்பால் வியன்னாவிலே வாழ்ந்தார். அக்காலத்தில் அது புதுமை. ஏறத்தாழ நூறு நால்வரிசைகளும் எழுபதுக்கும் மேற்பட்ட சிம்பொனிகளும் இயற்றினார். அவர் வாழ்ந்த நாளில் அவர் எழுத்துக்கு ஐரோப்பா முழுவதும் வரவேற்பு இருந்தது. 1813இல் மறைந்தபின், பெரிய பெயர்களின் நிழலிலே அவர் பெயர் மங்கிற்று. அண்மைக் காலத்திலேதான் அவருடைய நால்வரிசைகளை இசைக்குழுக்கள் மீண்டும் எடுத்து வாசித்துப் பதிவு செய்து வருகின்றன.

அந்த 1784ஆம் ஆண்டு விருந்தைப் பற்றிக் கெல்லி இன்னொன்றும் குறித்துள்ளார். அந்நால்வரும் அவரவர் கையிலிருந்த கருவியிலே தலைசிறந்தவர் அல்லர் என்பதே அது. ஆயினும் சக்கரத் தச்சன் மகனும், நாடக உடை செய்தவர் மகனும், அரண்மனை இசைஞர் மகனும், பண்ணையாள் மகனும் அன்று ஒரே வட்டத்தில் அமர்ந்தனர். அவ்விடத்தில் கேட்கும் காதுக்குத்தான் மதிப்பு, பிறப்புக்கு இல்லை.

எட்டயபுரத்துக்கு வந்த வில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். அவ்விருந்து நடந்து இரண்டாண்டு கழித்து, 1786இல், பாலுசுவாமி தீட்சிதர் பிறந்தார். பெரும்புகழ் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. இக்குடும்பம் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் முதலியார் ஒருவரின் ஆதரவில் வாழ்ந்தது. சென்னைக் கோட்டையிலே வெள்ளையர் பாண்டு வாத்தியம் முழங்கிய காலம் அது. முதலியாரின் ஏற்பாட்டில், அந்த பாண்டைச் சேர்ந்த ஐரோப்பியர் ஒருவரிடம் பாலுசுவாமி மூன்றாண்டு வயலின் பயின்றார் என்பது இசை வரலாறு கூறும் செய்தி. அண்ணனோ அந்த பாண்டு மெட்டுகளுக்கு வடமொழிப் பாடல் புனைந்தார். ஏறத்தாழ நாற்பது பாடல்கள் ‘நோட்டுஸ்வரம்’ என்ற பெயரால் இன்றும் பாடப்படுகின்றன. ஆங்கில அரசரை வாழ்த்தும் மெட்டுக்கூட அங்கே தெய்வத்தைப் பாடிற்று!

பாலுசுவாமி வயலினை அப்படியே கடன் வாங்கவில்லை. மேனாட்டார் நின்றும் நாற்காலியில் இருந்தும் வாசிப்பர். நம்மவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் தலைப்பைக் கணுக்காலில் ஊன்றி, அடிப்பகுதியை மார்பிலே சாய்த்துக்கொண்டனர். அதனால் இடக்கைக்குக் கருவியைத் தாங்கும் வேலை இல்லை. தந்தியின்மேல் தாராளமாக வழுக்கிச் செல்ல முடிந்தது. வீணைக்கு மெட்டுகள் உண்டு. வயலினுக்கு அவை இல்லை. ஆதலின் குரலிலே எழும் கமகமெல்லாம் அதில் எழலாயின. சுருதி கூட்டும் முறையையும் மாற்றினர். அங்கே நான்கு தந்திக்கும் நான்கு வெவ்வேறு சுரங்கள். இங்கே சட்சமம், பஞ்சமம், மீண்டும் மேல் சட்சமம், பஞ்சமம். கருவி அயலது, அமர்ந்த முறையும் குரலும் நம்முடையவை.

அந்தப் பாலுசுவாமி பின்னர் எந்த அரசவைக்குச் சென்றார் தெரியுமா? எட்டயபுரத்துக்கு! ஆம், நம் கரிசற் சீமை எட்டயபுரத்துக்கே. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் உயிர் நீத்ததும் அங்கேதான். பாலுசுவாமியின் பேரர் சுப்பராம தீட்சிதர், அக்குடும்பம் காத்த இசைச் செல்வத்தையெல்லாம் 1904இல் பெருநூலாக அச்சிட்டதும் அங்கேதான். பாரதி பிறந்த மண் என்று எட்டயபுரத்தை நாம் பெருமையோடு சொல்கின்றோம். பாரதி பிறப்பதற்குப் பல்லாண்டு முன்பே அம்மண் வயலினைக் கேட்டுவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வோம். கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்தோரும் விளாத்திகுளத்துப் பக்கமிருந்து வந்தோரும் இந்த அவையில் இருக்கின்றீர்கள். உங்கள் மண்ணின் பரம்பரையில் வயலின் இல்லை என்று எவர் சொல்ல முடியும்?

தஞ்சை நால்வர்

நால்வர் இசையைப் பேசிவிட்டுத் தஞ்சை நால்வரைப் பேசாதிருத்தல் தகாது. சின்னையா (1802), பொன்னையா (1804), சிவானந்தம் (1808), வடிவேலு (1810) என்னும் உடன்பிறந்தார் நால்வர் அவர்கள். கோயிலிலும் அரண்மனையிலும் ஆடல் பயிற்றுவித்த நட்டுவனார் குடியிற் பிறந்தவர். இந்நால்வர்க்கும் இசை கற்பித்தவர் முத்துசுவாமி தீட்சிதர். அவர் வேதம் ஓதிய குடியினர். ஆயினும் இவர்களைக் குலம் கேட்டுத் திருப்பி அனுப்பினாரில்லை. திருவாரூரில் சுத்தமத்தளம் வாசித்த தம்பியப்பரும், நடனமாடிய கமலமும் அவருடைய மாணாக்கரே.

இன்று பரதநாட்டிய மேடையில் அலாரிப்பு, சதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ச்சி வளர்கின்றதல்லவா? அவ்வரிசையை ஒழுங்குபடுத்தித் தந்தோர் இந்நால்வரே. நம் விழாவில் சற்றுமுன் ஆடிய சிறுமியும் அவர்கள் வகுத்த வழியிலேதான் நடந்தாள்.

இளையவர் வடிவேலு வயலினிலே மனம் செலுத்தினார். அவருக்கு வயலின் கற்பித்தவர் சுவார்ட்ஸ் பாதிரியார் என்று சிலர் எழுதுவர். அது பொருந்தாது. சுவார்ட்ஸ் மறைந்தது 1798இல். வடிவேலு பிறந்ததே 1810இல். சரபோசி மன்னர் (ஆட்சி 1798–1832) மேனாட்டு இசையையும் ஆதரித்தவராதலின், அக்கருவி தஞ்சையில் அருமையாக இருக்கவில்லை என்று கொள்வதே சாலும்.

அரண்மனையோடு மனவேறுபாடு நேர்ந்து, உடன்பிறந்தார் தஞ்சையை விட்டுத் திருவிதாங்கூர் சென்றனர் என்பர். பிறந்த ஊரை விட்டுப் போதல் எத்தகையது என்று நமக்கு எவரும் விளக்கவேண்டுவதில்லை. அங்கே அரசராயிருந்தவர் சுவாதித் திருநாள் (1813–1846). அவரும் பாட்டு இயற்றும் புலமையுடையவர். வடிவேலுவினும் மூன்றாண்டு இளையவர். வடிவேலுவின் வாசிப்பில் நெஞ்சம் பறிகொடுத்த அவர், 1834இல் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார் என்று இசை நூல்கள் கூறும். சின்னையா மைசூர் அரசவைக்குச் சென்றார். வடிவேலு நாற்பது வயது நிரம்புமுன்னரே மறைந்தார். மோகினியாட்டத்தின் வளர்ச்சியிலும் வடிவேலுவுக்குப் பங்குண்டு. வேற்றூரில் பிழைக்கப் போனவர் அவ்வூர்க் கலைக்கும் உரம் சேர்த்தார்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. அந்நால்வர் அமைத்த பாடல்களைக் காலிலும் கையிலும் முகத்திலும் தாங்கி நமக்குக் காத்தளித்தவர் கோயிலிலும் அவையிலும் ஆடிய பெண்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கலை மேடை ஏறிற்று. அதைக் காத்தவரோ இழிவுரை கேட்டனர். பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தால் ஒழித்தது. கலையைப் போற்றுகின்றவர் கலைஞரையும் போற்றக் கற்றல் வேண்டும்.

கற்பித்தவர் வரிசை

நண்பர்களே, இதுவரை கூறியதைச் சுருக்கிப் பாருங்கள். பண்ணையாள் மகனுக்கு ஊராசிரியர்கள் கற்பித்தனர். வேதியர் மகனுக்குப் பாண்டுக்காரர் கற்பித்தார். நட்டுவனார் மக்களுக்கு வேதியர் கற்பித்தார். ஒவ்வொரு படியிலும் ஒருவர் தம் குலத்தவரல்லாத ஒருவர்க்கு வில்லைக் கையளித்திருக்கின்றார். இதுவே வயலினின் பரம்பரை. வேறு பரம்பரை அதற்கு இல்லை. “பரம்பரையில் இருக்கவேண்டும்” என்று கூறியவர், தாம் கற்ற கருவியின் வரலாற்றைக் கற்றாரில்லை.

கருவியையே பார்ப்போமாக. வான்ஹாலும் வடிவேலுவும் வாசித்த காலத்தில் வயலினின் நரம்பு எதனால் ஆனது? ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்தது. வில்லில் கட்டியது? குதிரை வால் மயிர். பக்கத்தில் முழங்கும் மிருதங்கத்தின் முகம்? தோல். தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்தது தாராவி. அங்கே உழைத்த கைகளுக்கு இசை அயலது என்றால், இசைக்கே அது இழுக்கு.

இந்தப் பம்பாய் நகரமும் வயலினுக்குப் புதிதன்று. மெஹ்லி மேத்தா என்னும் பார்சிப் பெரியார் 1935இல் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவையும், 1940இல் பம்பாய் நரம்பிசை நால்வர் குழுவையும் இங்கே தோற்றுவித்தார். நம் முன்னோருள் பலர் தாதரிலே மூட்டையோடு இறங்கிய காலம் அது. ரயில் பாதைக்கு அப்பால் இருக்கும் சண்முகானந்த அரங்கில் எத்தனையோ வயலின் மேதைகள் வாசித்திருக்கின்றனர். அரங்கின் வாயில் நமக்கு அடைக்கப்படவில்லை. ஆயினும் நம் பிள்ளைகள் மேடை ஏறும் வழி இன்னும் திறக்கப்படவில்லை. அதனைத் திறத்தல் நம் கடமை.

ஆகவே சங்கத்தின் செயற்குழு ஒரு முடிவு செய்துள்ளது. ஞாயிறுதோறும் காலையில் நம் படிப்பகத்திலே வயலின் வகுப்பு நடைபெறும். கற்பிக்க ஒருவர் இசைந்துள்ளார். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, எத்தனை மணிக்கு வரட்டும் என்றுதான் கேட்டார். முதலில் நான்கு பிள்ளைகள். ஒருவனிடம் சோர் பஜார் வயலின் இருக்கின்றது. எஞ்சிய மூன்றுக்கு இந்த மலரின் விளம்பர வருவாயில் மிஞ்சுவதை ஒதுக்கியுள்ளோம். போதாததை நீங்கள் தருவீர்கள் என்று நம்புகின்றோம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகின்றோம். முதல் ஆறு மாதம் அந்த வயலின்கள் எழுப்பும் ஓசை இனிமையாக இராது. படிப்பகத்தை அடுத்த வீட்டார் பொறுத்தருளல் வேண்டும். ஹைடனும் ஒருநாள் அப்படித்தான் இழுத்திருப்பார்.

அந்த நான்கு பிள்ளைகளும் வடிவேலு ஆவார்கள் என்று நாம் வாக்களிக்கவில்லை. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கவும், தம் முறை வரும்போது தயங்காமல் தொடங்கவும் கற்பார்கள். அதுவே பெரும்பேறு.

அந்தத் தாய் இன்று மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அம்மா, ஆடி மாதம் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை கூறக் காலம் தாழ்த்தினோம், பொறுத்தருளுங்கள். அப்படி இல்லை, அம்மா. எந்தக் காலத்திலும் அப்படி இருந்ததில்லை. வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பிள்ளையை அனுப்பிவையுங்கள்.